ஓலையை யார் எழுதுவது?

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று வலிகாமத்திலிருந்து ஒரு தாயார் எழுதியது. அவருடைய மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்று, அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றுக்கு விண்ணப்பஞ் செய்கின்றானாம். ஆங்கிலத் தகைமைப் பரீட்சையிலும் குறைவில்லை. ஆசிரியர் இருவர் சிபார்சுக் கடிதந் தர இசைந்துவிட்டனர். எஞ்சியிருப்பது ஒன்றே. "தன்னைப்பற்றி 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். இரண்டு மாதமாக வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தங்களுக்கு அது ஒரு பின்னேர வேலை. எழுதித் தந்தால் எங்கள் குடும்பம் என்றும் மறவாது" என்று முடிக்கின்றார் அவ்வம்மையார்.

இக்கடிதத்துக்குத் தனியே மறுமொழி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால், இதே வேண்டுகோள் இப்பொழுதெல்லாம் ஆவணி பிறந்தது முதல் மார்கழி கழியும்வரை எமது படலையைத் தட்டிக்கொண்டேயிருக்கின்றது. ஆதலால் இங்கேயே எழுதுகின்றோம். எழுதுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. நாம் ஒருமுறை அவ்வாறு எழுதிக் கொடுத்திருக்கின்றோம்.

அது நிகழ்ந்து சில ஆண்டுகளாகின்றன. எம்மிடம் பௌதிகம் படித்த ஒரு பையன். தகப்பனார் சைக்கிள் திருத்துங் கடை வைத்திருப்பவர். அவன் தானே எழுதிய அரைப் பக்கத்துடன் வந்தான். ஆங்கிலம் ஆங்காங்கே நொண்டியது. எழுதியிருந்த பொருளோ, நெளிந்த சில்லொன்றை நேராக்குவது எப்படி என்பது. தகப்பனார் சில்லைக் கண்ணாற் பார்ப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு கம்பியையும் விரலாற் சுண்டிக் காதாற் கேட்பாராம். தளர்ந்த கம்பி ஒருவிதமாகவும் இறுகிய கம்பி வேறொருவிதமாகவும் ஒலிக்குமாம். ஈர்த்த இழைகளின் அதிர்வைப்பற்றி வகுப்பிற் படித்த நாளிலே, 'இதை நான் ஏழு வயதிலேயே கேட்டிருக்கின்றேனே' என்று தனக்குத் தோன்றியதாக அவன் எழுதியிருந்தான்.

நேயர்களே, இன்று அந்த அரைப் பக்கத்தை நினைக்குந்தோறும் எமக்கு நெஞ்சு சுடுகின்றது. அன்று நாம் சொன்னது யாது தெரியுமா? "தம்பி, சீமைக் கல்லூரிக்கு எழுதும்போது சைக்கிட் கடையையா எழுதுவது?" என்றோம். பின்னர் இரண்டு இரவு விழித்திருந்து நாமே ஒன்று வரைந்தோம். அதிலே கல்வியென்னும் விளக்கு அறியாமை இருளை அகற்றியது. சோக்கிரட்டீசும் விவேகானந்த சுவாமிகளும் அடுத்தடுத்துத் தோன்றினர். இறுதிப் பந்தியில் மாணவன் தாய்நாட்டுக்கும் மனுக்குலத்துக்குந் தன்னை அர்ப்பணஞ் செய்தான். ஆங்கிலம் மாசு மறுவற்றிருந்தது. எமக்கு அதிற் பெருமையும் இருந்தது.

ஒரு கல்லூரியின் உத்தியோகத்தர் அப்பையனைக் கணினித் திரையிற் செவ்வி கண்டார். "நீர் சோக்கிரட்டீசைக் குறிப்பிட்டிருக்கின்றீரே, அவரிடம் உம்மைக் கவர்ந்தது எது?" என்று இயல்பாகவே கேட்டிருக்கின்றார். பையன் வாய் திறக்கவில்லை. பின்னர் அவனுக்கு இடங் கிடைக்கவில்லை. எமது கட்டுரைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. விண்ணப்பிப்போருள் நூற்றுக்கு ஐவரைக்கூடச் சேர்க்காத கல்லூரிகள் அங்கே உள. ஆயினும் அவன் எம்மிடம் வந்து சொன்ன சொல் இருக்கின்றதே, அதை மறக்க முடியவில்லை. "சேர், நீங்கள் எழுதினதை நான் பாடமாக்கிக்கொண்டு போயிருக்கவேணும். என்ரை பிழைதான்" என்றான்.

தன்னுடைய வாழ்வைத் தானே பாடமாக்கவேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளையை ஆளாக்கியவர்கள் நாம். அவன் இப்பொழுது இங்குள்ள ஒரு சர்வகலாசாலையிற் படிக்கின்றான். வீதியில் எம்மைக் கண்டால் இன்றும் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று வணக்கஞ் சொல்லுகின்றான். அவன் இறங்காமற் போனால் எமக்கு ஆறுதலாயிருக்கும்.

நிற்க. நாம் அவ்வாறு செய்ததற்கும், அத்தாயார் இவ்வாறு கேட்பதற்கும் ஒரே வேர்தான் உண்டு. எமது நாட்டில் ஒரு பிள்ளை சர்வகலாசாலைக்குச் செல்வது இசட் புள்ளியினாலும் மாவட்ட வெட்டுப்புள்ளியினாலும். பரீட்சைத்தாளிலே பெயரை எழுதுதல் குற்றம். சுட்டெண் மாத்திரமே எழுதவேண்டும். இதிலொரு நீதி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. தாளைத் திருத்துபவருக்கு அவன் ஆர் மகன், எந்த ஊர், எந்தச் சாதி என்பது தெரியாது. ஆனால், பதின்மூன்று ஆண்டுகள் 'நீ யார் என்பதைச் சொல்லாதே' என்று பழக்கிய பிள்ளையிடம், திடீரென ஒருநாள் 'நீ யார்? சொல்' என்று ஒருவர் கேட்டால் அவன் வெறுந்தாளைப் பார்க்காமல் வேறென்ன செய்வான்?

இதனோடு தற்புகழ்ச்சி ஆகாது என்னும் எமது பழைய நாணமும் சேர்ந்துகொள்ளுகின்றது. அந்த நாணத்துக்கு இலக்கணமே உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே, நூலுக்குச் சிறப்புப் பாயிரஞ் சொல்லுதல் நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்போர் கடன் என்றும், எத்துணை அரிய நூலைச் செய்தவனாயினுந் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்றும் விதிக்கின்றார். இதுவரையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றோம். அடுத்த சூத்திரத்தை வசதியாக மறந்துவிடுகின்றோம். புலவன் தன்னைப் புகழ்தலுந் தகும் என்று நான்கு இடங்களை அம்முனிவரே எடுத்துச் சொல்லுகின்றார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது. அவையிலே வாதில் வெல்லவேண்டியபோது. எதிரி தன்னைப் பழித்தபோது.

முதலிரண்டையும் பாருங்கள். கடல் கடந்த ஒரு கல்லூரிக்கு விண்ணப்பஞ் செய்யும் பிள்ளை, தன்னை அறியாத அவைக்கு ஓலை எழுதுகின்றான் அல்லவா? அவன் வாய் திறக்க இலக்கணமே இடங் கொடுத்திருக்கின்றது. ஆசிரியருக்கு உரிய வேலையும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கின்றது: பாயிரம். அமெரிக்க விண்ணப்பத்தில் அதற்குச் சிபார்சுக் கடிதம் என்று பெயர். ஆசிரியர் அதனை நேரே அனுப்பிவிடுவார். அதைப் பார்க்கும் உரிமையை மாணவன் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடுகின்றான். அவனைப்பற்றி நாம் சொல்லவேண்டிய புகழையெல்லாம் அங்கே தாராளமாகச் சொல்லலாம். பாயிரம் எழுதவேண்டியவர் ஓலையையும் எழுதப் புகுந்ததே எமது பிழை.

அந்த ஓலை எத்தகையது என்பதைச் சிறிது சொல்லுகின்றோம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலே பதினைந்து கல்லூரிகள் கூடி ஒரே விண்ணப்பப் பத்திரத்தை ஏற்பதென்று தொடங்கிய ஏற்பாட்டில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்துள்ளன. பொது விண்ணப்பம் என்பது அதன் பெயர். 250 சொல்லுக்குக் குறையாமலும் 650 சொல்லுக்கு மேற்படாமலும் ஒரு கட்டுரை. ஏழு தலையங்கங்கள் தரப்படும். ஏழாவது, 'உமக்கு விருப்பமான எதனையும் எழுதலாம்' என்பது. இங்கிலாந்தின் வழக்கம் வேறு. அங்கே படிக்கப்போகும் பாடத்தைப்பற்றியே பெரிதுங் கேட்பார்கள். நெடுங்காலம் 4,000 எழுத்துக்குள் ஒரே கூற்றாக இருந்ததை, 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து மூன்று வினாக்களாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவுக்கு எழுதியதை இங்கிலாந்துக்கு அனுப்பும் பிள்ளைகளும் உள்ளனர். அது கல்யாண வீட்டுக்கு எழுதியதைச் செத்த வீட்டில் வாசிப்பது போலாகும்.

'ஆளைப் பார்த்து எடுக்கின்றோம்' என்னும் அமெரிக்க வழக்கம் முழுவதும் நற்குணத்திற் பிறந்ததன்று என்பதையும் எம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. பரீட்சைப் புள்ளியால் மாத்திரம் சேர்த்தபோது யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் பெருந்தொகையாக உள்ளே வந்தனர். கொலம்பியாச் சர்வகலாசாலை 1919ஆம் ஆண்டிலே சமயம், தகப்பனார் பிறந்த இடம் முதலியவற்றைக் கேட்டு, ஒளிப்படமும் வேண்டி ஒரு விண்ணப்பப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஹாவாட்டின் தலைவர் லோவெல் 1922ஆம் ஆண்டிலே யூத மாணவர் தொகைக்கு வரம்பு வேண்டுமென்றார். வெளிப்படையான வரம்புக்கு எதிர்ப்பு எழவே, 1926ஆம் ஆண்டளவிற் 'குணநலன்' என்னும் அளவுகோல் அங்கே வலுப்பெற்றது. எழுபதுகளின் தொடக்கத்திலே தரப்படுத்தலைக் கண்ட எமது பெற்றார் தலைமுறைக்கு இக்கதையை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கதவைச் சாத்தச் செய்த தாழ்ப்பாள் காலஞ் செல்லக் கதவைத் திறக்கவும் உதவியது என்பதே வியப்பு. 2023ஆம் ஆண்டு ஆனி மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம், இனத்தைக் கணக்கிலெடுத்து மாணவரைச் சேர்க்கும் முறையைத் தள்ளியது. அப்பொழுதும், ஒரு மாணவன் தன் இனம் தன் வாழ்வை எவ்வாறு தொட்டதென்று தானே எழுதுவதைக் கல்லூரி கருத்திற்கொள்ளத் தடையில்லை என்று அத்தீர்ப்பே குறிப்பிட்டது. அதன் பின்னர் கட்டுரைக்கு மதிப்பு இன்னும் ஏறியிருக்கின்றது.

இங்கேதான் எமது பிள்ளைகளுக்கு ஒரு பொறி வைக்கப்படுகின்றது. 'நீ வடக்கிலிருந்து எழுதுகின்றாய், யுத்தத்தை எழுது, அழவை' என்று ஆலோசனை சொல்வோர் பலர். இவ்வாண்டு விண்ணப்பிக்கும் பிள்ளை, 2009ஆம் ஆண்டு வைகாசியில் யுத்தம் முடிந்தபோது தொட்டிலிற் கிடந்திருப்பான். குப்பி விளக்கிற் படித்ததும் பதுங்குகுழிக்குள் இருந்ததும் எமது தலைமுறையின் கதை. அவனுடைய வீட்டிலே அந்தத் துயரம் இன்னும் உயிரோடு உலாவுமானால், அதனை அவன் கண்ட அளவில், கண்ட விதத்தில் எழுதட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால், காணாமற்போன ஒரு மாமனைப் பிள்ளையின் விண்ணப்பத்துக்குக் காசாக மாற்றாதீர்கள். அந்த வீட்டில் இன்னுந் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கின்றார்கள்.

விலைக்கு எழுதிக் கொடுப்போர் எங்கும் உளர்; அவர்களைப்பற்றி அதிகஞ் சொல்லவேண்டியதில்லை. அவர்களிடம் வாங்கினாலென்ன, கணினியின் செயற்கை நுண்ணறிவிடம் இலவசமாகப் பெற்றாலென்ன, ஒன்றே. அது தந்ததைத் தனதென்று சமர்ப்பித்தலைப் பொது விண்ணப்பத்தார் 2023ஆம் ஆண்டிலிருந்து மோசடி என்றே தம் விதிகளிற் சேர்த்துள்ளனர். மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்து எழுதுவோருக்கு ஒரு சிறு கதை. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்வகலாசாலை அனுமதி நிலையத்தார் விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, 234 பேர் எட்டாவது வயதிலே இரசாயனப் பரிசோதனை செய்து தம் பிஜாமாவிற் பொத்தல் விழச் சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தார்களாம். அத்தனை பிஜாமாவும் ஒரே மாதிரிக் கட்டுரையில் வெந்தவை.

அப்படியானால் உதவி கேட்பதே தவறா? இல்லை, நன்றாகக் கேட்கலாம். அமெரிக்கப் பிள்ளைகளும் ஆசிரியரிடமும் பெற்றாரிடமும் காட்டித்தான் எழுதுகின்றார்கள். எந்த உதவியைக் கேட்பது என்பதே கேள்வி. இதனை விதியாகச் சொல்வதிலும், இவ்வாண்டு எம்மிடம் வந்த ஒரு மாணவியைப்பற்றிச் சொல்வது மேல். அவளது சம்மதத்துடனேயே எழுதுகின்றோம்.

அவள் முதலிற் கொண்டுவந்த தாளில் மாணவ முதல்வி, விவாத அணித் தலைவி, தலைமைத்துவம், சமூக சேவை என்பன வரிசையாக நின்றன. எல்லாம் உண்மை, விண்ணப்பத்தின் வேறொரு பகுதியிலே பட்டியலாகவும் அவை கேட்கப்படுகின்றன. "பிள்ளை, இதை வாசித்தால் உன்னைப்போல நூறு பேரைத் தெரிகின்றது, உன்னைத் தெரியவில்லை" என்றோம். எழுதிக் கொடுக்கக் கை துடித்தது; அடக்கிக்கொண்டோம். இரண்டாந் தடவையும் அதே கதைதான். மூன்றாந் தடவை அவள் ஒருமணி நேரம் பிந்தி வந்தாள். காரணங் கேட்டோம். "அம்மம்மாவுக்குப் பேப்பர் வாசிக்கவேணும், சேர். வாசிக்காமல் வெளிக்கிட ஏலாது" என்றாள்.

என்ன வாசிப்பாய் என்றோம். மரண அறிவித்தல்கள். அம்மம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. காலையில் அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, "ஆரடி பிள்ளை? எந்த ஊராம்? ஆரின்ரை மேள்?" என்று கிழவி கேட்பாராம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவுங் கொண்டவர் என்று வரும் அந்த வரியை, இரண்டு ஆண்டுகளாக ஒரு கொப்பியில் எழுதி வருகின்றாளாம். இடப்பக்கம் பிறப்பிடம், வலப்பக்கம் வதிவிடம். ஏன் எழுதினாய் என்றதற்கு, "சும்மா, சேர். ஒரு ஊருக்கு நேரே எத்தனை நாடு வருதெண்டு பாக்க" என்றாள். புள்ளிவிபரவியல் படிக்க விண்ணப்பஞ் செய்யும் பிள்ளை அவள்! அந்தக் கொப்பியைப்பற்றி ஒருவருக்குஞ் சொன்னதில்லை. அது சொல்லத்தக்க ஒன்றென்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

அன்று நாம் செய்த உதவி, "அதை எழுது" என்றது மாத்திரமே. அதன்பின் ஆறேழு முறை எழுதினாள். ஒவ்வொரு முறையும் நாம் கேள்விதான் கேட்டோம். கொப்பியின் முதற் பக்கத்தில் எந்த ஊர்? எந்த நாள் எழுதாமல் விட்டாய்? அம்மம்மா ஒன்றுங் கேளாமல் இருந்த நாள் உண்டா? இக்கடைசிக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வரைவிலே ஒரு புதிய பந்தி இருந்தது. அம்மம்மாவின் பள்ளித் தோழி ஒருவர் இறந்த அறிவித்தலை ஒருநாள் வாசியாமற் பக்கத்தைப் புரட்டிவிட்டதாகவும், கொப்பியில் மாத்திரம் எழுதிக்கொண்டதாகவும், அம்மம்மா இன்றும் அத்தோழியை விசாரிப்பதாகவும் எழுதியிருந்தாள்.

அந்தப் பந்தியை வெட்டவேண்டும் என்றே எமக்குப்பட்டது. பெரியவரிடம் மறைத்ததை ஊரறியச் சொல்லலாமா? கல்லூரியார் இவளைப் பொய்யுரைப்பவள் என்று எண்ணினால்? பேனையை எடுத்துவிட்டோம். "அது நடந்தது, சேர்" என்றாள் அவள். குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் அசையவுமில்லை. பேனையைக் கீழே வைத்தோம். இறுதியில் எமது கை பட்டவை மூன்று வினைச்சொற்களின் காலமும் ஓர் எழுத்துப் பிழையும். அம்மம்மா என்பதை ஆங்கிலத்திலும் அம்மம்மா என்றே வைத்திருந்தாள். அதையும் நாம் தொடவில்லை. அவளுக்கு முடிவு தெரிவது பங்குனிக் கடைசியில். எப்படி வருமென்று நாம் சோதிடஞ் சொல்லமாட்டோம். செவ்வியில் எந்த வரியைப்பற்றிக் கேட்டாலும் அவளிடம் விடை இருக்கும். கொப்பியும் இருக்கின்றது.

இனி, கடிதம் எழுதிய அம்மையாருக்கு. தங்கள் மகனை வருஞ் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அனுப்பிவையுங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தை மாத முதலாந் தேதியை ஒட்டியே முடிவுநாள், காலம் இருக்கின்றது. கணினி கொண்டுவரவேண்டாம், மாதிரிக் கட்டுரைகளும் வேண்டாம். தாங்களோ அவனுடைய தகப்பனாரோ உடன் வராதிருந்தால் நன்று. சந்திக் கடைவரை நடந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவோம். முதல்நாள் வேலை அவ்வளவே.

தாங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. வீட்டிலே ஒருவருஞ் சொல்லாமல் அவன் தானாகவே செய்கின்ற வேலை எது, அதனை எப்பொழுது தொடங்கினான் என்பதை ஒரு துண்டில் எழுதி, உறையில் இட்டு எமக்கு அனுப்புங்கள். அவனுக்குக் காட்டவேண்டாம்.